பெரிய தாத்தாவின் ரயிலுக்குப் பாதை போடுவது எப்படி?

மாடல் ரயில் பற்றி யூடியூப்பில் எக்கச்சக்கமா வீடியோ இருக்கு. பெரும்பாலும் எல்லாமே "முதல்ல ஒரு ஸ்டார்ட்டர் செட் வாங்குங்க"ன்னுதான் தொடங்கும். பரணில் கிடக்கிற அறுபது வருஷத்துப் பெட்டியை வைத்துக்கொண்டு தொடங்குறவங்களுக்கு அதெல்லாம் பெரிசா உதவாது. இந்தக் கட்டுரை அவங்களுக்குத்தான். அப்படி யாருப்பா இருக்காங்கன்னு கேட்பீங்க. நம்ம அரியலூர், தஞ்சாவூர் பக்கம் சிங்கப்பூர், மலேசியா போய் வந்த ஆள் இல்லாத தெரு குறைவு. அவங்க டிரங்குப் பெட்டியில் ரேடியோவும் சேலையும் மட்டும் வரல.

எங்க வீடு ஏலாக்குறிச்சியில். தாத்தாவோட அண்ணன், நாங்க பெரிய தாத்தான்னு சொல்லுவோம், சிங்கப்பூரில் வேலை பார்த்துட்டு 1960-களில் ஊர் திரும்பினார். அவர் கொண்டுவந்தது ஒரு டிரை-ஆங் ரயில் செட். 'பிரின்சஸ் எலிசபெத்' என்று பெயர் போட்ட பெரிய நீராவி என்ஜின், சின்ன டேங்க் என்ஜின் ஒண்ணு, நாலு பயணிகள் பெட்டி, ஆறு சரக்கு வேகன், ஒரு கட்டு இரும்புத் தண்டவாளம், கரண்ட்டில் செருகுகிற ஒரு கன்ட்ரோலர். இப்போ இது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுச் சொத்து. என்ஜினுக்குக் கறுப்புப் பெயின்ட் அடிச்சு நம்ம ஊர் ஒய்.பி. என்ஜின் மாதிரி மாத்திடலாம்னு சித்தப்பா சொல்றார். தொடவே கூடாது, கண்ணாடி அலமாரியில வைக்கணும்னு அப்பா. அப்பாயிக்கு எண்பது தாண்டியாச்சு. அது ஓடணும், தன் கண்ணால பார்க்கணும், அவ்வளவுதான் அவங்க சொல்றது.

மூணு பேரும் ஒத்துக்கிற மாதிரி ஒரே ஒரு விதிதான் வந்தது. புதுசா செய்யறது எல்லாம் பலகையில் செய்யணும். பழசு மேல கை வைக்கிறது எதுவா இருந்தாலும், நாளைக்கு வேண்டாம்னா திரும்ப எடுத்துடக்கூடியதா இருக்கணும். பெயின்ட் அடிக்கிறதைத் திரும்ப எடுக்க முடியாது, எண்ணெய் போடுறதை எடுக்கலாம். கீழே வர்ற முடிவுகள் எல்லாமே இந்த விதியில் இருந்து வந்தவைதான்.

பெட்டியில் என்ன இருக்கு?

மேஜை அளவு பார்க்கிறதுக்கு முன்னாடி, கையில் இருப்பது எந்த வகைன்னு தெரியணும். ஒரு ஸ்கேல் போதும். இரண்டு தண்டவாளத்தின் உள்விளிம்புகளுக்கு நடுவே 32 மி.மீ. இருந்தா அது ஓ கேஜ். ஃபிராங்க் ஹார்ன்பியின் கம்பெனி 1920-இல் சாவி கொடுத்து ஓட்டுற ரயிலாகத் தொடங்கியது இந்த அளவில்தான். 16.5 மி.மீ. இருந்தா அது ஓஓ அல்லது ஹெச்ஓ. 9 மி.மீ. என்றால் என் கேஜ், பெரும்பாலும் அவ்வளவு பழசா இருக்காது.

16.5 வந்ததும் வேலை முடிஞ்சதுன்னு நினைக்க வேண்டாம். 1938-இல் வந்த ஹார்ன்பி டப்லோ மூணு தண்டவாள முறை. நடுத் தண்டவாளம் ஒரு முனை, ஓரம் ரெண்டும் மறுமுனை. அதனால அந்த வண்டிகளில் இடது வலது சக்கரங்களுக்கு நடுவே இன்சுலேஷன் தேவைப்படல. அதை அப்படியே இன்றைய ரெண்டு தண்டவாளப் பாதையில் வைத்தால் நேராக ஷார்ட் சர்க்யூட். ஹார்ன்பி ரெண்டு தண்டவாளத்துக்கு வந்தது 1959-இல்தான். 1950-களில் போட்டியாக வந்த டிரை-ஆங் ஆரம்பத்திலேயே ரெண்டு தண்டவாளம். கடைசியில் டிரை-ஆங்கின் தாய் நிறுவனமான லைன்ஸ் பிரதர்ஸ், 1964-இல் ஹார்ன்பியின் மெக்கானோ கம்பெனியையே வாங்கிவிட்டது. அதனால 1965-க்குப் பிறகு வந்த பெட்டிகளில் ரெண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும். எங்களுடையது ரெண்டு தண்டவாளம். மூணு தண்டவாள செட் இருக்கிறவங்க அதன் சொந்தத் தண்டவாளத்திலேயே ஓட்டுங்க, மாத்தப் போகாதீங்க.

அடுத்தது உடம்புப் பரிசோதனை. பழைய துத்தநாகக் கலவை வார்ப்புகளில், குறிப்பா இரண்டாம் உலகப் போருக்கு முந்தியவற்றில், ஈயம் கலந்துபோனதால் உள்ளுக்குள்ளேயே அரிப்பு வரும். மேல்பரப்பில் மெல்லிய விரிசல், லேசான வீக்கம், கடைசியில் பிஸ்கட் மாதிரி உதிரும். அதற்கு வைத்தியம் கிடையாது, அந்த என்ஜின் அலமாரிக்குத்தான். ஆரம்பகால டிரை-ஆங் பெட்டிகளில் சிலது செல்லுலோஸ் அசிட்டேட் பிளாஸ்டிக். காலப்போக்கில் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிடும். வெந்நீரில் போட்டு நிமிர்த்தலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. நம்ம நாலு பெட்டியில் ஒண்ணு இப்படி. அதை ஸ்டேஷன் ஓரத்தில் நிறுத்தி, கைவிடப்பட்ட பெட்டியா வைக்கப்போறோம். நிஜ யார்டுகளிலும் அப்படி ஒண்ணு நிக்கத்தானே செய்யுது.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் குழந்தை இருந்தா வாயில் வைக்க விடாதீங்க, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க.

மோட்டார்

நம்ம என்ஜின்களில் இருக்கிறது எக்ஸ்.04 என்கிற மோட்டார். மின்னியல் துறைப் பசங்களுக்கு இது ஒரு நல்ல பாடப்புத்தகம். மூடி கிடையாது, எல்லாமே கண்ணுக்குத் தெரியும். மூணு துண்டு கம்யூட்டேட்டர், ரெண்டு கார்பன் பிரஷ், அதை அழுத்திப் பிடிக்க ஹேர்பின் மாதிரி ஒரே ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் ஒரு காலில் மட்டும் சின்ன இன்சுலேஷன் குழாய் மாட்டியிருக்கும். ஒரு பிரஷ் என்ஜினின் உலோகச் சட்டத்தோடு இணைந்தது, இன்னொண்ணு தனி. அந்தக் குழாய் தொலைஞ்சா ரெண்டும் ஸ்பிரிங் வழியா சேர்ந்துடும், மோட்டார் அசையாது, கன்ட்ரோலர்தான் சூடாகும். பழைய என்ஜின் "செத்துப்போச்சு"ன்னு ஒதுக்குறதுக்கு முன்னாடி முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒயர் இன்சுலேஷனில் இருந்து 4 மி.மீ. வெட்டி மாட்டினால் போதும்.

சுத்தம் செய்ய மோட்டாரைப் பிரிக்க வேண்டியதில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் கம்யூட்டேட்டரைத் துடைத்து, துண்டுகளுக்கு நடுவே இருக்கிற இடுக்கில் சேர்ந்த கார்பன் தூளைப் பல்குத்தும் குச்சியால் எடுக்கணும். காந்தத்தை மட்டும் கழட்டாதீங்க. அந்தக் காலத்து அல்நிகோ காந்தத்தை அதன் இரும்புத் துருவங்களை விட்டு வெளியே எடுத்தால், காந்தச் சுற்று அறுபட்டு, அதன் வலிமை நிரந்தரமா குறையும். குறைஞ்ச காந்தத்தோட மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், சூடாகும், இழுவை குறையும். கழட்டியே ஆகணும்னா, எடுக்கும்போதே ஒரு இரும்புத் துண்டைத் துருவங்களுக்குக் குறுக்கே ஒட்டவிட்டு எடுக்கணும்.

எண்ணெய் என்றால் தையல் மிஷின் எண்ணெய், முனைக்கு ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மார்கழியில் உறையும், நாள்பட்டால் பிசினாகும்.

இன்னொண்ணு, வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைக்கணும். மோட்டாரில் இருந்து சக்கரத்துக்குப் போறது வார்ம் கியர். மோட்டார் சக்கரத்தைச் சுத்தும், ஆனா சக்கரம் மோட்டாரைச் சுத்தாது. என்ஜினைக் கையால் தள்ளி விளையாடினால் பல் போகும். நம்ம வீட்டில் இதை அதிகம் மீறக்கூடியவர் சித்தப்பாதான்.

மின்சாரம்

பழைய கன்ட்ரோலர் 230 வோல்ட்டில் வேலை செய்யும். ஆனா உள்ளே இருக்கிற ரப்பர், துணி இன்சுலேஷன் அறுபது வருஷ வெயில் பார்த்தது. அதைச் செருகவே செய்யாதீங்க. கண்காட்சிப் பொருளா பக்கத்தில் வைக்கலாம். வேணும்னா அதன் கைப்பிடியைப் பழுதாக்காமல், பின்னால் புதுசா ஒரு பொட்டன்ஷியோமீட்டரை இணைத்து அதே கைப்பிடியால் ஓட்டலாம், உள்ளே மெயின்ஸ் போகாமல்.

இந்த ரயில்கள் கேட்பது 12 வோல்ட் டிசி. முனையை மாத்தினா திசை மாறும். ஒரு என்ஜின் சுமார் அரை ஆம்ப், அதாவது 6 வாட். நம்ம லேபில் கிடைக்கிற எல்298என் மோட்டார் டிரைவர் போதும். ஆனா அது தனக்குன்னு சுமார் 2 வோல்ட் எடுத்துக்கும், அதனால 12 வோல்ட் அடாப்டர் கொடுத்தா என்ஜின் சோர்ந்து ஓடும். 15 வோல்ட், 2 ஆம்ப் அடாப்டர் சரி. லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை எடுத்து மாட்டாதீங்க. தண்டவாளத்துக்குப் போகிற ஒயரில் 1 ஆம்ப் பாலிஃப்யூஸ் ஒண்ணு கட்டாயம். வண்டி தடம் புரண்டா ஷார்ட் ஆகத்தான் செய்யும், அப்போ வேகணும்னா அது அந்த அஞ்சு ரூபாய் சமாசாரம்தான் வேகணும், பெரிய தாத்தாவின் மோட்டார் இல்ல.

டிஜிட்டல் கன்ட்ரோல் போடலாமேன்னு வகுப்பில் கேட்டாங்க. அதற்கு மோட்டாரின் ரெண்டு பிரஷ்ஷும் சட்டத்தில் இருந்து தனியா இருக்கணும். எக்ஸ்.04-இல் ஒண்ணு சட்டத்தோடு சேர்ந்திருக்கு. வெட்டி ஒட்டிச் செய்யறவங்க இருக்காங்க, நம்ம விதிக்கு அது ஒத்துவராது.

பலகைக் கணக்கு

எட்டுக்கு நாலு அடி பிளைவுட் என்றால் 2440 × 1220 மி.மீ. ஓஓ தண்டவாளத்தில் வளைவுகள் நிலையான ஆரங்களில் வரும்: 371, 438, 505, 572 மி.மீ. பெரிய வளைவு பார்க்க அழகு, அதனால 572 போடலாம்னு ஆசை வரும். போட்டுப் பார்ப்போம். விட்டம் 1144, பலகை 1220. ஒவ்வொரு பக்கமும் மிச்சம் 38 மி.மீ. தடம் புரண்டா என்ஜின் நேரா சிமென்ட் தரைக்குத்தான். அதனால வெளிச்சுற்று 505. ஓரத்தில் 105 மி.மீ. மிச்சம் வரும்.

நாலு பக்கமும் அதே இடைவெளி விட்டால் நேர்ப்பாதை ஒவ்வொண்ணும் 1220 மி.மீ. வளைவுகள் சேர்ந்து ஒரு முழு வட்டம், 3173 மி.மீ. மொத்தச் சுற்று 5.6 மீட்டர். நிஜத்தில் மணிக்கு 60 கி.மீ. போகிற ரயிலின் வேகத்தை 76-ஆல் வகுத்தால் விநாடிக்கு 22 செ.மீ. அதாவது ஒரு சுற்றுக்கு 26 விநாடி. கைப்பிடியை முழுசா திருப்பிப் பறக்கவிடுறவங்களுக்கு இந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்க.

பழைய டிரை-ஆங் பெட்டி ஒண்ணு சுமார் 23 செ.மீ. நாலு பெட்டி 92. பிளாட்பாரத்துக்கு 95 செ.மீ. போதும், நேர்ப்பாதையில் அது அழகா உட்காரும். நிஜ அளவுக்கு ஆசைப்பட்டால் கதை வேற. ஐசிஎஃப் பெட்டி ஒண்ணு 22.3 மீட்டர், 24 பெட்டி வண்டியை 76-ஆல் வகுத்தால் 7 மீட்டர். எங்க வீட்டுக் கூடமே பத்தாது.

ஒரு பாதை மேல இன்னொரு பாதை தாண்டிப் போகிற மேம்பாலம் பற்றித் தங்கச்சி கேட்டா. கீழே போகிற வண்டிக்கு மேல் சுமார் 75 மி.மீ. உயரம் வேணும். பழைய என்ஜின் ஏறக்கூடிய சரிவு 30-க்கு 1 என்று வைத்தால் ஏறவே 2250 மி.மீ. வேணும், இறங்க அதே அளவு. பிளாட்பாரத்துக்கு இடமே இருக்காது. மேம்பாலம் கிடையாது.

இப்போ பாயிண்ட், அதாவது பாதை பிரிகிற இடம். பழைய வண்டிகளுக்குப் பெரிய சிக்கல் இங்கதான். அந்தக் காலத்துச் சக்கரத்தின் விளிம்பு ஆழமானது, இரண்டு சக்கரங்களின் உள்பக்கங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் இன்றைய சுமார் 14.5 மி.மீ. அளவை விடக் குறைவு. புது பாயிண்ட்டில் ஏறி இறங்கித் தடம் புரளும். புதுச் சக்கரம் மாத்தலாம், ஆனா அது பழசு மேல கை வைக்கிறது. நாங்க எடுத்த வழி: வெளிச்சுற்றில் பாயிண்ட்டே கிடையாது. 2.54 மி.மீ. உயரமுள்ள கோட் 100 தண்டவாளம், நிக்கல் சில்வர், ஒரே ஓவல். அதில் பிரின்சஸ் மட்டும். உள்ளே 67 மி.மீ. தள்ளி 438 ஆரத்தில் இன்னொரு சுற்று, அது முழுக்கப் பெட்டியில் வந்த பழைய இரும்புத் தண்டவாளமும் பழைய பாயிண்ட்டும். டேங்க் என்ஜினும் சரக்கு வேகனும் அங்கே. ரெண்டு சுற்றுக்கும் இணைப்பு இல்லை. பழைய தண்டவாளத்தின் வளைவு இன்றைய அளவோடு அச்சா ஒத்துப்போகாது, அதனால அந்தச் சுற்றைப் பேப்பரில் வரையாதீங்க. தரையில் மாட்டிப் பார்த்து, பிறகு பலகையில் கோடு போடுங்க.

கொக்கியும் கவனிக்கணும். டிரை-ஆங் 1959 வாக்கில் கொக்கி மாடலை மாத்தியது, பழசும் புதுசும் ஒண்ணோடொண்ணு மாட்டாது. ஒரு வேகனின் ஒரு முனையில் பழைய கொக்கி, மறுமுனையில் புதுசு என்று வைத்தால் அது இணைப்பு வேகன். அந்த ஒரு வேகனைப் புதுசா வாங்கிச் செய்யுங்க.

பலகையை ஒரே துண்டா வைக்காதீங்க. நாலுக்கு நாலா ரெண்டு துண்டு, நடுவில் போல்ட். கட்டிலுக்கு அடியில் போகும், டாடா ஏஸிலும் போகும். இரண்டு பக்கமும் பெயின்ட் அடிச்சுடுங்க, இல்லன்னா ஐப்பசி மழையில் ஊறி வளையும். வெயிலுக்குத் தண்டவாளமும் நீளும். 1.22 மீட்டர் நிக்கல் சில்வர், 20 டிகிரி மாற்றத்துக்கு சுமார் 0.4 மி.மீ. இணைப்புகளில் ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் இடைவெளி விட்டால் சரியா இருக்கும். கரையானுக்குக் கால்களைத் தரையில் நேரா வைக்காதீங்க.

எந்த ஊர்?

இங்கிலாந்து என்ஜின், நம்ம ஊர் வயல். பொருந்துமா? அளவுப்படி பார்த்தா ஒண்ணுமே பொருந்தாது. 16.5 மி.மீ.-ஐ 76-ஆல் பெருக்கினால் 1254 மி.மீ. வருது. நம்ம அகலப்பாதை 1676, மீட்டர் கேஜ் 1000. ரெண்டுக்கும் நடுவில் எங்கேயோ. இங்கிலாந்தின் 1435-க்கே அது சரியில்ல, ஓஓ பிறந்ததே ஒரு சமரசத்தில்தான். அதனால அளவுச் சண்டையை விட்டுட்டு, சுற்றியிருக்கிற ஊரைச் சரியா செய்வோம்னு முடிவு. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் மூணு மொழியில் 'அரியலூர்' என்று ஒண்ணு நட்டாலே பாதி வேலை முடிஞ்சிடும். வேகனில் சுண்ணாம்புக் கல் பொடி. கல்லை வேகனில் ஒட்டாமல், அளவா வெட்டிய அட்டையில் ஒட்டி உள்ளே வைத்தால் எப்போ வேணும்னாலும் எடுக்கலாம்.

ஒரு பலகையில் அரியலூர் ஸ்டேஷன், மறுபலகையில் ஆறு. பாதையைத் தூக்க இடமில்லைன்னு பார்த்தோமே, தரையை இறக்கலாம். 25 செ.மீ. அகலத்துக்குப் பிளைவுட்டை வெட்டி 10 செ.மீ. கீழே இறக்கினால் பாலம் தானா வந்துடும். அதை மருதையாறு என்று வைக்கிறோம். அந்தப் பெயரைச் சொன்னதும் அப்பாயி அமைதியாயிட்டாங்க. 1956 நவம்பர் 23-ஆம் தேதி, மழை வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் சேதமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்தாங்க. ரயில்வே அமைச்சரா இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தது அதற்குத்தான். மாடல் ரயிலில் தடம் புரளுறதை எல்லாரும் சிரிச்சுக்கிட்டுப் பார்ப்பாங்க. இந்தப் பாலத்தில் அது நடக்கக்கூடாதுன்னு அப்பாயி சொன்னதால, நிஜப் பாலங்களில் இருப்பது போலவே ஓடுதண்டவாளத்துக்கு உள்பக்கம் காப்புத் தண்டவாளம் ரெண்டு போடுறோம். தடம் புரண்ட சக்கரத்தை அது ஓரத்துக்குப் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். அவை ஓடுதண்டவாளத்தைத் தொட்டால் ஷார்ட், அதனால பிளாஸ்டிக் பட்டை.

மணலுக்குக் கொள்ளிடத்துக்குப் போனா ஒரு கைப்பிடி போதும். ஆனா அப்படியே கொட்டாதீங்க. ஆற்று மணலில் மேக்னடைட் என்கிற கறுப்பு இரும்புத் துகள் இருக்கும். ஓடுகிற என்ஜினின் காந்தம் அதை இழுத்து, கியருக்குள் கொண்டுபோகும். பாலித்தீன் சுற்றிய ஒரு காந்தத்தை மணலுக்குள் பத்து தடவை ஓட்டி, கறுப்பு வர்றது நிக்கிற வரைக்கும் எடுத்துட்டுப் பரப்புங்க.

ஆற்றங்கரையில் அடைக்கல மாதா கோயில் வரும். ஏலாக்குறிச்சிக்கு ரயிலே கிடையாது, வீரமாமுனிவர் அந்தக் கோயிலைக் கட்டியபோது உலகத்திலேயே நீராவி ரயில் கிடையாது. இருந்தாலும் வரும். அப்பாயி கேட்டாங்க.

யார் ஓட்டுவது?

ஒரு ஆள் மட்டும் ஓட்டுற மாதிரி செய்தால் அது குடும்ப ரயில் இல்ல. புனே கோத்ருட்டில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கு. பாவுசாகேப் ஜோஷி பொழுதுபோக்காகச் சேர்த்ததில் தொடங்கி, முதலில் தூக்கிப் போகக்கூடிய அமைப்பாக இருந்து, 1998-இல் நிலையான கண்காட்சியாகத் திறந்தது. அவருக்குப் பிறகு குடும்பத்தார் நடத்துறாங்க. இங்கிலாந்தில் பீட்டர் டென்னி என்ற பாதிரியாரின் 'பக்கிங்ஹாம்' அமைப்பு இன்னொரு மாதிரி. ஒரு ஸ்டேஷனை அவர் மகன் கிரிஸ்பின் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் பார்த்த வேலையைச் செய்ய டென்னி ஒரு கருவியே செய்து, அதற்கு 'ஆட்டோமேட்டிக் கிரிஸ்பின்' என்று பெயர் வைத்தார். டென்னி இறந்த பிறகு அந்த அமைப்பு இன்னொரு மாடலர் கைக்குப் போய், இன்னமும் ஓடுது.

நம்ம அமைப்பில் ரெண்டு சுற்றும் தனித்தனி என்பதால் ரெண்டு கன்ட்ரோலர். வெளிச்சுற்று ஒருத்தர், உள்சுற்றுச் சரக்கு வண்டி ஒருத்தர். மூணாவது ஆள் ஸ்டேஷன் மாஸ்டர். அவர் கையில் ஒரே ஒரு சுவிட்ச். அது பிளாட்பாரத்துக்கு முன்னாடி 40 செ.மீ. தண்டவாளத்துக்குக் கரண்ட் தருவதும் நிறுத்துவதும். சிக்னல் விளக்கும் அதே சுவிட்சில். அவர் பச்சை காட்டாமல் பிரின்சஸ் ஸ்டேஷனுக்குள் வர முடியாது. கன்ட்ரோலரை யார் பிடிக்கிறதுன்னு அப்பாவும் சித்தப்பாவும் பேசித் தீர்த்துக்கட்டும். இந்தச் சுவிட்ச் அப்பாயிக்கு. நாற்காலியில் உட்கார்ந்தே எட்டுற மாதிரி, பலகையின் முன்விளிம்பில், தரையில் இருந்து 65 செ.மீ. உயரத்தில் பொருத்துறோம்.

வேலை வரிசை மட்டும் மாத்தாதீங்க: முதலில் வெளிச்சுற்று, கன்ட்ரோலர், அந்தச் சுவிட்ச். பாலம், மணல், கோயில் எல்லாம் அதற்குப் பிறகு. தீபாவளி லீவு ஒன்பது நாள், பச்சைப் பலகையில் வண்டி ஓட அது போதும்.